மீனம்பாக்கத்தில் ஒரு பகல்

நாள் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளியிறுதி வகுப்பிலேயே தொற்றிக்கொண்டது. எங்கள் டவுன்ஷிப்பில் எந்த பிளாக் எப்போது எழுந்தது, எந்தத் தெருவுக்கு எந்த மழைக்காலத்தில் விளக்கு வந்தது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். இங்கே சொல்லப்போகும் பகலுக்கு மட்டும் மாதம் போதும். சுரங்கத்தில் முதன்முதலாக நிலக்கரி கண்ணில் பட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆவணி மாதம். அப்பா அதற்கு முந்தைய வைகாசியில் இறந்திருந்தார்.

அப்பா சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். நெய்வேலி நிலக்கரிக்கு அடியில் ஊற்றுத் தண்ணீர் எப்போதும் முட்டிக்கொண்டே இருக்கும். அதை இரவு பகலாக இறைத்துக் கொட்டினால்தான் மேலே வெட்ட முடியும். ஆகவே அவருடைய ஷிப்டுக்குப் பொங்கலும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. திருவதிகையிலிருந்து நாங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த நாளிலிருந்து, வீட்டில் எந்த நல்லது கெட்டதுக்கும் 'அப்பா ஷிப்டுல இருக்காரு' என்ற பதில் தயாராக இருக்கும். அந்த வைகாசியில் காமாலை கண்டு படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை.

அக்காவை அதற்கு இரண்டு வருடம் முன்பு கொழும்பில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தார். அக்காவுக்கு இரண்டு கரு தங்கவில்லை. அப்பா இறந்தபோது மூன்றாவது கருவுக்கு நாலாம் மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தந்தியை அத்தானின் ஆபீசுக்கு அனுப்பினோம். பிரசவம் ஆகும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம், அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று அவர் பதில் எழுதினார். எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவந்தோம்.

ஆடிக் கடைசியில் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. அவருக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேலை மாற்றமாகியிருந்தது. அக்கா இப்போது எழுந்து நடமாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இருவரும் கொழும்பிலிருந்து காலை விமானத்தில் மெட்ராஸ் வருகிறார்கள். பிற்பகல் விமானத்தில் பம்பாய் போய், மறுநாளே அங்கிருந்து கிளம்ப வேண்டும். நெய்வேலிக்கு வந்துபோக நேரமில்லை. இடையில் இருக்கும் அந்தப் பகல் பொழுதில் மீனம்பாக்கத்துக்கு வந்தால் பார்க்கலாம். ஒருமுறை போனால் திரும்புவதற்குப் பல வருடம் ஆகலாம் என்றும் எழுதியிருந்தார்.

கடிதத்தை நான் படித்து முடித்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "ஏழாம் மாசம் ஆச்சே. வளகாப்பு பண்ணிடலாமா?"

அதன்பிறகு ஒரு வாரம் எங்கள் வீடு அந்தப் பகலுக்காகவே இயங்கியது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பக்கத்து ஊரான வடக்குத்தில் குடியிருந்தார். அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் பல்லாவரத்தில் தோல் ஆலையில் வேலை செய்தார். விமானம் இறங்கும் இடத்துக்கு அவர் வீடு பக்கம். முந்தின நாளே போய் அங்கே தங்குவது. அக்காவை டாக்சியில் அங்கே அழைத்துவந்து வளையல் போட்டு, சாப்பாடு போட்டு, கொஞ்சம் படுக்கவைத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று அம்மா அடுக்கினாள். மசக்கையில் அக்கா சுண்டைக்காய் வத்தக்குழம்புக்கு ஏங்குவதாக முன்பு எழுதியிருந்தாள், அதுவும் உண்டு. பண்ருட்டிக்குப் போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தாள் சித்தி.

அப்பாவைப் பற்றி என்ன சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

"இதுல இன்னா இருக்குது?" என்றார் சித்தப்பா. "மழ பேஞ்சி மைன்ஸ்ல தண்ணி ஏறிகினு இருக்குது, அண்ணன வுடமாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லு. நெய்வேலில செத்தவனுக்குக்கூட ஷிப்டு போடுவாங்கன்னு அவளுக்குத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். முதலில் சிரித்தது அம்மாதான். சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சுண்டைக்காய் வற்றலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, அண்ணாச்சிக்கு ஒரு சாக்கு சொல்லியாச்சு. நீங்க எப்படிப் போவீய?"

"பண்ருட்டி போயி, வெழுப்புரத்துல ரயிலு மாறித்தான்."

"அதக் கேக்கலக்கா." அந்த அம்மாள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

வெற்று நெற்றி. வளையலில்லாத கை. மூன்று மாதமாக அம்மாவை அப்படியே பார்த்துப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. அம்மாவுக்கும்தான். அக்கா எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வாரமாகத் திட்டம் போட்டோமோ, அதை அம்மாவைப் பார்த்த கணமே அவள் தெரிந்துகொள்வாள். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சித்திதான் தயங்கித் தயங்கிப் பேசினாள். "ஒரு பகலுக்குத்தான அக்கா. கொஞ்சம் சாந்து இட்டுக்குங்க. கையில நாலு வளையலு. ஏரோப்ளேன் ஏத்தி வுட்டுட்டு அழிச்சிடலாம்."

அம்மா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். "எடுக்கச்ச என்னக் கேட்டீங்களா? பதினாறாம் நாளு எல்லாரும் சுத்தி நின்னுகினு எடுத்தீங்க. இப்ப வெச்சிக்கிறியான்னு மட்டும் கேக்கறீங்க."

"அதுக்கில்லக்கா..."

"அழிக்கிறது ஒரு தரம் போதும்."

அம்மா வரவேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை; வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. விளக்கு வைத்த பிறகு அம்மாவே சித்தப்பாவை அழைத்தாள்.

"ஏரோப்ளேன் எறங்கறத மேல நின்னுகினு பாக்கலாம்னு ஒங்க சிநேகிதரு சொன்னாரே?"

"ஆமா அண்ணி. மாடி மாதிரி இருக்குது. டிக்கெட்டு வாங்கிகினு யாரு வேணா போலாம்."

"கூட்டம் இருக்குமா?"

"வேடிக்க பாக்க வர்ற கூட்டமே போதுமே."

"அப்ப நான் அங்க நின்னுக்கறேன். வெடிகாலையே சமைச்சி வெச்சிட்டு வந்துடறேன். வூட்டுல நீங்க எல்லாம் பாத்துக்குங்க."

அம்மா வராததற்கு என்ன சொல்வது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் அதற்கும் வழி வைத்திருந்தாள். அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னால் போதும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் இடத்துக்கு அம்மை கண்டவள் எப்படி வருவாள்? யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் மாரியம்மன் பெயரில் பொய் சொல்கிறோமே என்று, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்த பிறகுதான் வீட்டைப் பூட்டினாள்.

பல்லாவரத்தில் அன்று விடிவதற்குள் எல்லாச் சோறும் ஆகிவிட்டது. குழம்பைக் கடைசியாக இறக்கி, சட்டியைச் சாம்பல் கனப்பில் வைத்தாள் அம்மா. சித்தியிடம் ஒரு பழைய சேலையைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டாள். அவளுடைய சேலைகள் எல்லாம் அக்காவுக்கு அடையாளம் தெரிந்தவை. முந்தானையைத் தலைவரை இழுத்து விட்டுக்கொண்டு, சித்தப்பாவோடு விமான நிலையத்தின் மாடிக்கு ஏறினாள். நான் கீழே வாசலில் நின்றேன்.

அக்கா முன்னால் வந்தாள். அத்தான் பெட்டிகளோடு பின்னால் வந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா எங்கடா?"

அம்மை என்றேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "எப்போலேருந்து? தண்ணி ஊத்தியாச்சா?"

"இல்ல. நேத்துதான் முத்து தெரிஞ்சிது. அப்பா கூட இருக்காரு. ஷிப்டு வேற."

"எந்த ஷிப்டு?"

"ஏ ஷிப்டு."

"ஏ ஷிப்டுன்னா ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வந்துடுவாரு. பரவால்ல, அம்மாவுக்குக் கஞ்சி வெச்சிக் குடுப்பாரு." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீ வெக்க மாட்ட."

அத்தான் டாக்சியைக் கூப்பிடுவதற்காகத் திரும்பிக்கொண்டார்.

வளைகாப்பு சீக்கிரம் முடிந்தது. சித்தியும், அந்த வீட்டு அம்மாளும், எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டு வந்த இரண்டு பெண்களும் வளையல் அடுக்கினார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். முன்பின் தெரியாத அந்தப் பெண்களுக்கு விஷயம் எதுவும் தெரியாது. அவர்கள் பாட்டுக்குக் கேலி செய்தார்கள். "வயித்தப் பாத்தா பையன்தான். அப்பன மாதிரி பேசாமடந்தையா இருக்கப் போறான்," என்றாள் ஒருத்தி. அத்தான் உண்மையிலேயே அன்று பேசவே இல்லை. அக்கா அவரைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்தவள் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் நிறுத்தினாள்.

"சித்தி, ஒனக்கு எப்ப அம்மா கைப்பக்குவம் வந்துது?"

"பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தாங்க," என்று சொல்லிவிட்டாள் சித்தி. "அம்மைக்கு முந்தி," என்று உடனே சேர்த்தாள்.

அக்கா தலையாட்டினாள். இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கினாள்.

கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து ஒரு தெர்மாஸ் பிளாஸ்க்கை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு. ராத்திரி ஷிப்டில் டீ ஆறிப்போகிறது என்று அவர் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்தாள். "அடி மூடியோட திருகு மரை தேஞ்சி போயிட்டா போச்சி. அவரையே தொடச் சொல்லு. நீ தொடாத." சரி என்று வாங்கிக்கொண்டேன்.

விமான நிலையத்தில் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் நெடுகக் கூட்டம். வேலூர்ப் பக்கத்திலிருந்து யாரையோ வழியனுப்ப வந்த ஒரு பெரிய குடும்பம் குழந்தைகளோடு நின்றது. அம்மா அவர்களுக்குப் பின்னால் ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தாள். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்றார் சித்தப்பா, சாப்பிடவும் இல்லையாம். நான் சுவரோரம் போனேன்.

அக்காவும் அத்தானும் வெயிலில் நடந்து விமானத்தை நோக்கிப் போனார்கள். படிக்கட்டின் அடியில் அக்கா நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்து மாடியைப் பார்த்தாள். என்னைக் கண்டுகொண்டாள். கையை உயர்த்தி ஆட்டினாள். தூரத்திலும் வளையல்கள் தெரிந்தன. நானும் ஆட்டினேன். வேலூர்க் குடும்பத்துக் குழந்தைகளும் தங்கள் ஆளைப் பார்த்து ஆட்டினார்கள். திரும்பினேன். அம்மா தூணை விட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள். அத்தனை கைகளுக்கு நடுவில் அவளும் கையை உயர்த்தியிருந்தாள். தடுக்க நினைத்தேன். தடுக்கவில்லை. அக்கா இன்னும் கொஞ்சநேரம் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். பிறகு படியேறினாள்.

கார்த்திகையில் அவளுக்குப் பையன் பிறந்தான். அதன்பிறகு அப்பா போனதை அத்தான் அவளிடம் சொன்னார்; அம்மா மாடியில் நின்றதை நான் எழுதினேன். அக்கா ஊருக்குத் திரும்பி வந்தது ஒன்பது வருடம் கழித்து. அதற்கு முந்தின வருடமே அம்மா போய்விட்டாள். அன்று மாடியில் அம்மா எந்தப் பக்கம் நின்றாள் என்று மட்டும் என்னிடம் கேட்டாள் அக்கா. இடது பக்கம், தூண் ஓரம் என்றேன். "அந்தப் பக்கம் வெயிலு. ஒண்ணுமே தெரியல," என்றாள்.

அன்றைக்கு நாங்கள் விழுப்புரம் ரயிலைத் தாம்பரத்தில் பிடித்தோம். சித்தியும் சித்தப்பாவும் உட்கார்ந்ததுமே கண் மூடிவிட்டார்கள். செங்கல்பட்டு ஏரி தாண்டியது. அம்மா என்னைத் தொட்டாள்.

"அவளுக்குக் கால் வீங்கியிருந்துச்சா?"

தெரியவில்லை என்றேன்.

"படியேறச்ச பாத்தேன். ஒரு கால எடுத்து வெச்சிட்டு இன்னொண்ண இழுத்து வெச்சா. வூட்டுல கால நீட்டிகினுதான உக்காந்தா? பாக்கல நீ?"

பகல் முழுவதும் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நாங்கள் சொல்வதை நம்புகிறாளா என்று. காலைப் பார்க்கவில்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கவனிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உப்புத் தண்ணி காய வெச்சி ஒத்தடம் குடுத்திருந்தா எறங்கியிருக்கும்," என்றாள்.