செருப்பில்லாமல் இறங்கிய கால்

எங்கள் வீட்டுக்காரர் வலையை விட்டு ஆறேழு வருடம் இருக்கும். தோள் ஒத்துழைக்கவில்லை. ஆனால் மீன் எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து ஒரு தூண்டில்காரர் பைக்கில் வருவார். விரல் தடிமன்கூட இல்லாத ராடு, தலைமுடி மாதிரித் தூண்டில் நரம்பு, முனையில் ரப்பரில் செய்த பொய் மீன். பிடித்த கொடுவா மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுவார். பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அவர் எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு ராடு கொடுத்தார். அதன்பிறகு ஞாயிறு, திங்கள் என்று கணக்கில்லை. விடிந்ததும் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. அங்கே கல்லில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியோ பிளேடு மாதிரி. தூண்டில்காரர் கவனித்திருக்கிறார். ஒருநாள் தண்ணீரில் போடும் ரப்பர் ஷூ வாங்கி வந்தார்.

"பெரியவரே, இதப் போட்டுக்கினு எறங்குங்க. காலுக்குப் பத்திரம்."

நான் குறுக்கே வந்தேன். படகில் செருப்போடு ஏறினாலே எங்கள் சனம் பொறுக்காது.

"இன்னா சார், சாமி ரூமுக்கு ஷூ போட்டுக்கினு போவியா நீ? கடலாத்தா மேல செருப்பு வெக்கிற குடும்பம் இல்ல நாங்க."

"நான் போட்டுக்கினுதாம்மா எறங்கறேன்."

"நீ டவுனு. ஒன்ன அவ மன்னிச்சுடுவா."

வீட்டுக்காரர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவு சரியாதாம்மே கீது" என்றார்.

"போட்டுப் பாரு. அப்பறம் என் கையால சோறு கேக்காத."

சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். கரையில் நின்ற நாலு பேர் பார்க்க ஜெயித்ததில் எனக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள் பெரிய கொடுவாவோடு வந்தார். தரையெல்லாம் ரத்தம். மீன் ரத்தம் என்று நினைத்துத் துடைத்தேன். மீனை அறுத்துக் கழுவிய பிறகும் தரையில் புதிதாக ரத்தம். குதிகாலில் சிப்பி கிழித்த காயம் வாய் மாதிரித் திறந்து கிடந்தது.

"வலிக்கிலியாய்யா?"

"இன்னாது?" என்று குனிந்து பார்த்தார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுத் துணி சுற்றினேன். சின்ன வயதிலிருந்து எத்தனை காயம் அப்படி ஆற்றியிருக்கிறேன். ஐந்தாம் நாள் துணியைப் பிரித்தபோது நாற்றம் அடித்தது. விரல் வரைக்கும் கறுத்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சத்தம் போட்டாள். "இவ்ளோ சுகர வெச்சுக்கிட்டு வெறுங்காலோட எறங்கலாமா? ஷூ போடச்சொல்லி ஒருத்தருமா சொல்லல?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சொன்னாங்கம்மா. எனக்குத்தான் அது வழுக்கும்னு புடிக்கல."

யாரையும் ஒரு சொல் கூடப் பேசவிடாதவள் நான். டாக்டரம்மா நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இருந்தபோது முள் குத்தினாலும் தெரியாத கால், இப்போது வலிக்கிறது என்கிறார். "குதிகால் எரியுதும்மே, கொஞ்சம் அமுக்கு" என்பார். அமுக்க அங்கே என்ன இருக்கிறது? ஆனாலும் உட்கார்ந்து, அவர் காட்டுகிற இடத்தில் பாயை அமுக்குகிறேன். "இன்னும் கொஞ்சம் கீழ" என்கிறார். கீழே நகர்த்துகிறேன். அன்றைக்குத் தடுத்தது தப்பு என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.