அம்மாவின் வீடு

மகளின் ஆங்கில நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கும் எஸ் எழுத்துக்கும் நடுவே, மேலே அவள் போட்டிருந்த சின்னக் குறியைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆறாம் வகுப்பு. அப்பாவின் அடி தாங்காமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, அன்னூரிலிருந்து சிங்காநல்லூருக்கு, தான் பிறந்த வீட்டுக்கே வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அங்கே மாமாவும் அத்தையும் இருந்தார்கள். 'இன்னாருடைய' என்று சொல்ல ஆங்கிலத்தில் அந்தக் குறியைப் போட வேண்டும் என்று டீச்சர் அன்று சொல்லிக்கொடுத்திருந்தார். 'இது என் அம்மாவின் வீடு' என்று ஆங்கிலத்தில் எழுதி, சமையலறை வாசலில் உட்கார்ந்து அர்த்தத்தையும் சத்தமாகச் சொன்னேன்.

தோசை சுட்டுக்கொண்டிருந்த அத்தை திரும்பாமலே கேட்டார். "ஏங் கண்ணு, இது உங்க மாமனூடல்லோ? உங்கம்மாளூடு அன்னூர்ல இருக்குதே."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "அழிச்சுப்போட்டு மாமனூடுன்னு எழுது சாமி," என்றாள்.

மாற்றி எழுதினேன். மறுநாள் டீச்சர் சரி போட்டார். அதைக் காட்ட ஓடி வந்தபோது அம்மா எங்கள் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்கம்மா போறோம்?"

"நம்மூட்டுக்குத்தான்."

அப்பா மாறவில்லை. அடியும் நிற்கவில்லை. அம்மா அந்த வாக்கியத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. நான் அதை எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்திருப்போமா என்று, அவள் சாகும்வரை நானும் கேட்கவில்லை.