குளவி கொட்டிருச்சாம்

தலவாக்கலையில் ரயிலேறியதிலிருந்து எதிரே இருந்த கம்பளித் தொப்பிக்காரர் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கம் புரட்டும்போதெல்லாம் தலையை வேறு ஆட்டினார். மர்ம நாவல் படிக்கிறவனுக்கு எதிரே இருப்பவரெல்லாம் திருடர்தான். பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் கையிலிருந்தது ஒரு தொடரின் கடைசி நாவல். துப்பறிகிறவன் தன் அப்பாவின் சாவையே துருவுகிற கதை. ‘தந்தையைக் கொன்றது யார்?’ என்று அட்டையில் கொட்டை எழுத்து. முந்தைய பாகங்களில் நான் சந்தேகப்பட்ட அத்தனை பேரும் நிரபராதிகள். அவ்வளவு கூர்மை நமக்கு.

“யாருன்னு தெரிஞ்சிருச்சுங்களா?” என்றார் அட்டையைக் காட்டி.

“இன்னும் இல்லீங்க. கடைசியில சொல்லிருவாங்க.”

“கதையில சொல்லிருவாங்க. எங்கப்பாவுக்கு தேயில மலையில வேல செய்யிறப்போ குளவி கொட்டிருச்சாம்.”

“கொட்டிருச்சாமா? நீங்க பாக்கலையா?”

“ஒடம்பத்தான் பாத்தேன். நாந்தான் குளிப்பாட்டுனேன். ஒரு எடத்துலயும் வீக்கம் இல்லீங்க.”

தலையை ஆட்டிவிட்டு றொசல்லயில் இறங்கிப் போனார். என் பர்ஸ் பத்திரமாக இருந்தது.

“கொட்டிருச்சாம்” என்று அவரிடம் முதலில் வந்து சொன்னது யார்? அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று, வட்டவளை தாண்டிய பிறகுதான் இந்தத் துப்பறியும் புலிக்குத் தோன்றியது.