தானே அணைந்த விளக்கு

என் வாசிப்பறை மேசைமேல் இருக்கும் பொருளைப் பற்றி வந்தவர்கள் கேட்டால், வெப்பச்சலனத்தைக் காட்டும் கருவி என்று சொல்வது என் வழக்கமாக இருந்தது. சொன்னதில் பொய் ஏதுமில்லை. அடியில் ஒரு பல்பு எரிகிறது. அதன் சூட்டில் கண்ணாடிக் குடுவைக்குள் இருக்கும் வண்ண மெழுகு இளகி, இலேசாகி, தெளிந்த நீர்மத்தினூடே மேலே எழுகிறது. உச்சியில் சூடு தணிந்து மெல்ல இறங்குகிறது. சித்தூரில் ஒரு கல்லூரியில் பணிக்காலம் முழுவதும் இயற்பியல் போதித்தவன் வீட்டில் இப்படியொன்று இருப்பதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் கடையில் அதற்குப் பெயர் லாவா விளக்கு. மதுக்கூடங்களிலும் இளைஞர்களின் விடுதி அறைகளிலும் வைக்கும் அலங்காரம் என்றே ஊரில் பலர் அதை அறிவார்கள். ஆகவே அது வாசிப்பறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்ததில்லை.

அதை நான் விரும்பிப் பார்க்கிறேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். அவளை விட்டால் எங்கள் குழுவினருக்குத் தெரியும். குழு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி பக்கங்களில் இந்த விளக்கின்மேல் ஈடுபாடு கொண்ட சிலர் கைபேசி வழியே ஒன்றுகூடினோம். ரேணிகுண்டாவில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர், புத்தூரில் பல் மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மையார், நகரியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். வயதையும் படிப்பையும் கருதி என்னைத் தலைமை ஏற்கச் சொன்னார்கள். என் வீட்டுப் படம் எதுவும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டேன்.

எங்களுக்குப் பொதுவான மனக்குறை ஒன்று உண்டு. சந்தையில் கிடைக்கும் விளக்குகள் குளிர்நாட்டு அறைகளுக்காகச் செய்யப்பட்டவை. எங்கள் சித்திரை வெயிலில் மெழுகு காலையில் மேலே ஏறினால் குடுவையின் உச்சியில் தொப்பி போல ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். ஆடி பிறந்தால்தான் அதற்கு நடமாட்டம். "துரைங்களுக்கு செஞ்ச வெளக்கு சார், நம்ம வெயில்ல அதுக்கே மயக்கம் வந்துடுது" என்பார் கார்டு.

இந்த நிலையில்தான் வடமாலபேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெண்மணி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் சீரியல் லைட்டுகள் செய்து கொடுப்பது அவர் தொழில். யாரோ சொன்ன உருவத்தை யாரோ சொன்ன நிறத்தில் செய்துகொண்டே வந்தவர், தாமே வடிவமைத்த பொருள் ஒன்றாவது தம் பட்டறையிலிருந்து வெளிவர வேண்டும் என்று விரும்பினார். லாவா விளக்கைத் தேர்ந்துகொண்டார். விரும்புகிறவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்வதே முறை என்று அவர் நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

திருச்சானூரில் ஒரு லாட்ஜின் மாடிக் கூடத்தில் கூடினோம். கோயிலுக்கு வந்தோம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள எங்களில் பலருக்கும் வசதியான இடம். அன்று ஒவ்வொருவரும் கேட்டவற்றிலிருந்து அவரவர் இயல்பு தெரிந்தது. கார்டுக்கு வேண்டியது முதல் உருகல். சூடேறும் தொடக்கத்தில், குமிழ்கள் பிறக்கும் முன், மெழுகு கூர்கூராகக் கோபுரம் போல எழுந்து சற்று நேரம் உறைந்து நிற்கும். புதிய விளக்குகள் அதைக் கடகடவென்று கடந்துவிடுகின்றன. அது நிதானமாக நிகழ வேண்டும் என்றார். பல் மருத்துவருக்கு நீர்மம் பளிங்கு போல இருந்தால் போதும், மினுக்குத்தூள் ஆகவே ஆகாது. ஜவுளிக்கடைக்காரர் தேன்நிற நீரில் அரக்குநிற மெழுகு என்று பட்டுப்புடவை சொல்வது போல வண்ணம் சொன்னார். சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வேண்டும், அடிப்பீடம் பித்தளையாக இருக்க வேண்டும், பல்பு போனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதமே இல்லை.

முறைப்படி நான் கடைசியாகப் பேசினேன். இந்த விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரியக் கூடாது. எரிந்தால் மெழுகு சிதறும், நீர்மம் பால் போலக் கலங்கும், கலங்கியது கலங்கியதுதான். மனிதர்கள் மறப்பார்கள். ஆகவே எட்டு மணி நேரம் முடிந்ததும் விளக்கு தானாகவே அணைய வேண்டும் என்றேன். கூடத்தில் கைதட்டினார்கள்.

பட்டறைக்காரப் பெண்மணி என்னிடம் தனியாக ஒன்று கேட்டார். விளக்கோடு பெட்டியில் வைக்கும் அட்டையில், சோதித்துப் பார்த்தவர் என்று என் பெயரையும் பட்டத்தையும் அச்சிடலாமா என்று. மாணவர் சான்றிதழ்களைத் தவிர வேறெதிலும் என் பெயர் இடம்பெற நான் இசைந்ததில்லை. மாதிரி விளக்கைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன்.

"பாருங்க சார். எல்லாருக்கும் புடிச்சா குடுவைக்கு வார்ப்பு போட சொல்லிடுவேன். புடிக்கலேன்னா மறுபடியும் சீரியல் லைட்டுதான்" என்றார். சிரித்தபடி சொன்னாலும் அது விளையாட்டுப் பேச்சு அல்ல என்பது தெரிந்தது.

மாதிரி விளக்கு நல்ல கோடையில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் போன ரேணிகுண்டாவிலிருந்து கார்டு பேசும்போது அவர் குரலில் பக்தியே இருந்தது. உச்சி வெயிலிலும் மெழுகு இறங்குகிறது, கோபுரங்கள் நிதானமாக எழுகின்றன என்றார். ஆனால் சில நாளிலேயே, உறவினர்கள் வருகிறார்கள், வைக்க இடமில்லை என்று விளக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். நகரிக்குப் போனது, முகூர்த்த நாள் வியாபாரம், கவனிக்க நேரமில்லை என்று திரும்பியது. புத்தூருக்குப் போனது, குழந்தைகள் தட்டிவிடுமோ என்று பயமாயிருக்கிறது என்று பல் மருத்துவர் அனுப்பிவிட்டார். அந்த அம்மையாரின் ஒரே மகன் வேலூரில் கல்லூரியில் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பழைய உற்சாகம் இல்லை. "புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லலாம் இல்ல சார். எடமில்லேன்னா நான் எத சரி பண்றது?" என்று கேட்டார். குடுவை வார்ப்பவர்கள் பதில் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், எங்கள் வீட்டிலிருந்தும் இப்படியே திரும்பி வந்தால் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடப் போவதாகவும் கூறினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காரணம் தெரியாத தோல்வியைப் போலத் தொழில் செய்பவரைத் தளர்த்துவது வேறில்லை.

விளக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது. சோதனை என்றால் வீட்டிலேயே சூடு மிகுந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மேற்கு பார்த்த கூடம். ஆகவே, முதன்முறையாக இத்தகைய பொருள் ஒன்று கூடத்தில் அமர்ந்தது. காலை பத்து மணிக்கு ஏற்றினேன். நண்பகலில் வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்தபோதும் உள்ளே அரக்குநிற மெழுகு அவசரமில்லாமல் ஏறி இறங்கியது. நான் பார்த்தவற்றில் இதுவே சிறந்தது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு என் மனைவி சுவாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். அவள் கண்ணெதிரே, 'டிக்' என்ற சிறு ஓசையோடு அது அணைந்தது. உடனே போய் மறுபடி ஏற்றினாள். மறுநாள் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்து தன் கையாலேயே நிறுத்தினாள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பூ வாங்கப் போனவள் திரும்பிப் படியேறும்போது அது அணைந்தது. பூவைத் தட்டில் வைத்துவிட்டு, குடுவை ஆறும்வரை காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கி, பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இது வேணாங்க. குடுத்துடுங்க" என்றாள்.

காரணம் கேட்டேன்.

"வெளக்கு வெக்கிற நேரத்துல வூட்ல ஒண்ணு தானா நின்னுபோவுது. அத எப்படி பாத்துக்கினு இருக்கறது?"

திரியுமில்லை, எண்ணெயுமில்லை, இது வெறும் மின்கருவி என்று விளக்கினேன். மின்சாரம் போகும்போது வீட்டிலுள்ள எல்லா பல்புகளும் அணைவதில்லையா என்றும் கேட்டேன்.

"கரண்ட் போனா ஊருக்கே போவுது. இது நம்ம வூட்ல மட்டும் போவுது."

வாசிப்பறை விளக்கைத் தினமும் அவளே நிறுத்துவதை நினைவூட்டினேன்.

"அத நான் நிறுத்தறேன். இது யார கேட்டுக்கினு நிக்குது?" என்றவள், பெட்டியை ஓரமாக நகர்த்தியபடி, "புத்தூர் டாக்டரம்மா மாமியாரும் இதத்தான் சொன்னாங்களாம். அவங்க ஜெபத்துக்கு உக்காரும்போது நின்னுச்சாம்" என்றாள்.

மற்ற வீடுகளின் செய்தி இவளுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. தலைமை ஏற்ற எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"உங்ககிட்ட எப்படி சொல்லுவாங்க? தானா நிக்கணும்னு சொன்னதே நீங்கதானே" என்றாள்.

அன்று நெடுநேரம் யோசித்தேன். சகுனங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை வகுப்பிலும் ஒளித்ததில்லை. ஆனால் கேள்வி என் நம்பிக்கையைப் பற்றியதல்ல. கோயில் வீட்டுக்காரர்கள், தேவாலய வீட்டுக்காரர்கள் என்ற வேறுபாடில்லாமல், எங்கள் மாவட்டத்துக் குடும்பங்களில் அந்தி வேளையில் வெளிச்சம் கூடுமே தவிரக் குறையாது. வெளிச்சத்தை நிறுத்துவதென்றால் ஒருவர் கை அதைச் செய்ய வேண்டும். காலையில் ஏற்றிய எங்கள் விளக்கோ சரியாக அந்தியில்தான் அணைந்தது. எட்டு மணி நேரம் என்ற வரம்பு மெழுகுக்கு உரியது. அதில் நான் ஒரு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வெளிச்சத்துக்கு அந்த வரம்பு எதற்கு? ஒரே பல்பு சூட்டையும் வெளிச்சத்தையும் தருவதால் இரண்டும் ஒன்றாகவே போகின்றன. அந்தப் பிணைப்பு அயல்நாட்டு வடிவமைப்போடு வந்தது. அது இயற்கை விதி அல்ல.

விளக்கை உடனே திருப்பி அனுப்பவில்லை. பெண்மணியைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத் திருச்சானூரில் மறுபடி கூட்டம் வைத்தேன். எவர் வீட்டில் என்ன நேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. குடும்பத்துக்குள் பேசியதைச் சபையில் பேசச் செய்வது மரியாதையல்ல. என் பழைய விதியை விரித்துச் சொல்வதாகவே தொடங்கினேன்: சூடு தானாக நிற்க வேண்டும், வெளிச்சம் தானாக நிற்கக் கூடாது.

கார்டும் பல் மருத்துவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதத்தான் சார் நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"நீ இருந்தே. உன் வூட்டம்மா சொல்லியே அனுப்பிச்சாங்க" என்றார் கார்டு. பல் மருத்துவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூடத்தின் இறுக்கம் அதோடு கலைந்தது.

பட்டறைக்காரப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. பீடத்துக்குள் சூட்டுக்கு ஒரு தட்டும் வெளிச்சத்துக்கு ஒரு சிறு எல்இடியும் தனித்தனியாக வைக்க இடமிருக்கிறது என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினார். பிறகு நிமிர்ந்து, "மெழுகு அடங்கினப்புறம் வெறும் தண்ணியில லைட்டு நின்னா பாக்க நல்லா இருக்குமா சார்?" என்று கேட்டார். செய்து பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

வெயில் தணிந்த பிறகு ஒருநாள் அவரே புதிய மாதிரியை எடுத்துக்கொண்டு சித்தூருக்கு வந்தார். பகலெல்லாம் அது எரிந்தது. ஆறு மணியை நெருங்கும்போது நானும் அவரும் கூடத்தில் இருந்தோம். என் மனைவி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்து நின்றாள். 'டிக்' ஓசை கேட்டது. பெண்மணி குடுவையைப் பார்க்கவில்லை, என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே எதுவும் நிகழவில்லை. மேலே இருந்த குமிழ்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கியவை மறுபடி எழவில்லை. கடைசிக் குமிழ் பாதி வழியில் சற்றுத் தயங்கிப் பிறகு மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. மெழுகு முழுவதும் அடியில் திரண்டதும், கீழிருந்து வரும் வெளிச்சம் அதனூடே கசிந்து, நீறு பூக்காத தணல் போல நின்றது. மேலே தேன்நிற நீர் அசைவற்று இருந்தது. நல்லா இருக்குமா என்ற கேள்விக்கு நாங்கள் எண்ணிப் பார்த்திராத விடை அது. ஏறி இறங்கும்போது இருந்த அழகு வேறு, இது வேறு.

"இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. அவள் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டால் அதற்கு மேல் பேசுவதில்லை.

பெண்மணி அட்டையைப் பற்றி மறுபடி கேட்கத் தயங்கியதைக் கண்டு நானே தொடங்கினேன். பெயரைப் போடலாம், பட்டத்தை முழுமையாகப் போட வேண்டும், அச்சுக்குப் போகும் முன் நான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். குடுவை வார்ப்பவர்களிடம் தெலுங்கில் அவர் படபடவென்று பேசுவது உள்ளே கேட்டது. வார்ப்பு போடச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை பேச்சு நின்று, மூக்கை உறிஞ்சும் ஓசை வந்தது. பிறகு பேச்சு தொடர்ந்தது.

நான் எழுந்து, விளக்கை வாசிப்பறைக்குக் கொண்டுபோகலாம் என்று பீடத்தின் பக்கம் கையை நீட்டினேன்.

"அத தொடாதீங்க. அங்கயே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. "நிறுத்தறத நான் பாத்துக்கறேன்."