சீதேவிப்பிள்ளையின் விதைக்குடுவை

பனிச்சங்கேணியில் சீதேவிப்பிள்ளையின் வாயும் பேர்போனது, அவள் தோட்டத்துப் பயற்றங்காயும் பேர்போனது. முழ நீளக் காய், நாரே இருக்காது. புருசன் போய்ச் சேர்ந்த பிறகு தனியொருத்தியாக வாவிக்கரை மணலைக் கொத்தி, அந்தப் பயற்றையை வைத்தே நிமிர்ந்து நின்றவள். விதை கேட்டு யார் வந்தாலும் அள்ளிக் கொடுப்பாள். ஒரே ஒரு கட்டளைதான்: காய்க்கிற முதல் காயை அவளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். மறந்தால் மறுவருடம் விதை கிடையாது, ஏச்சு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஓட்டமாவடியில் பஸ் நிற்கிற இடத்தில் ஆப்பம் சுட்டு விற்கும் ஸஹீதா அப்படித்தான் மாட்டிக்கொண்டாள். விதை வாங்கிப் போனவள் முதல் காயோடு வரவே இல்லை. "இனி அவள் என்ட படலையத் திறக்கட்டும், பாப்பம்!" என்று சீதேவிப்பிள்ளை போட்ட சத்தம் வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகளில் உப்பு ஏறியது, கொடிகள் கருகின. பக்கத்துத் தோட்டத்துச் சிறில் வீட்டில் விதைப்பயற்றையை அவித்துத் தின்றார்கள். ஊரில் எல்லாரும்தான் தின்றார்கள், பசியில் யாரைக் குறை சொல்வது? சீதேவிப்பிள்ளை மட்டும் தொடவில்லை. அடுப்புக்கு மேலே சுரைக்குடுவைக்குள் அவள் விதை தொங்கியது. பல நாள் அடுப்பே மூட்டாமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். மழை வந்தால் ஊருக்கே தன்னிடம்தான் விதை என்று அவளுக்கு ஒரு வீறாப்பு.

வந்ததே மழை! கொட்டோ கொட்டென்று கொட்டியது. சனமெல்லாம் சேறும் சிரிப்புமாகத் தோட்டங்களுக்கு ஓடியது. இன்றைக்கு உன் வளவு, நாளைக்கு என் வளவு என்று முறை வைத்து உப்புக் கிணறுகளை இறைத்துக் கொட்டினார்கள், வேலி கட்டினார்கள். முதலில் இறைத்தது சீதேவிப்பிள்ளையின் கிணற்றைத்தான். விதை அவளிடம்தானே இருக்கிறது!

"மாமி, குடுவைய இறக்குங்க! ஈரம் காயுறதுக்குள்ள போட்டிருவம்!" என்று சிறில் குதித்தான்.

பெருமையோடு குடுவையைக் கவிழ்த்தாள். உள்ளங்கையில் மாவு கொட்டியது. விதைக்கு விதை ஓட்டை! வண்டு உள்ளே குடித்தனமே நடத்தியிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பு எரியாத வீட்டில் புகை ஏது? புகை படாத விதையை வண்டு விடுமா? பட்டினி கிடந்து காத்த விதையை அந்தப் பட்டினியே தின்றுவிட்டது.

"ஐயோ, ஊருக்கு என்ன சொல்லுவன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறில்தான் துள்ளினான். "மாமி! ஸஹீதாட அடுப்பு ஒரு நாளும் அணையல்லியே! அவவிட்ட விதை கிடந்தால்?"

"அவள்ட பேர எடுக்காத!"

"ஏசுறத வந்து கேக்கிறன், இப்ப போறன்!" சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டான். பின்னால் ஸஹீதாவே உட்கார்ந்திருந்தாள்! இறங்கிய கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புகையேறிக் கறுத்த பயற்றை நெற்றுகள், ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

"ஏசுறதுக்கு முந்திக் கேளுங்க அக்கா. கொஞ்சம்தான் காய்ச்சுது, அதோட கொடியும் கருகிட்டு. அந்த வத்தல் காயக் கொண்டந்து உங்கட கையில தர வெக்கமா இருந்திச்சு. திங்கவும் மனம் வரல்ல. நெத்தாக்கி அடுப்புக்கு மேல கட்டிட்டன். இது அந்த முதல் காய்தான்."

சீதேவிப்பிள்ளை ஸஹீதாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகை முடியுமுன்னே அவள் சத்தம் திரும்பிவிட்டது. "என்னடா பாத்துக்கு நிக்கிறீங்க? மண்வெட்டிய எடுங்க!" நெற்றை உடைத்து, வளவுக்கு நாலு விதை என்று எல்லார் கையிலும் வைத்தாள்.

சிறில் விடுவானா? "முதல் காய் உங்களுக்குத்தானே மாமி?"

"எனக்கெதுக்கு? எல்லாத் தோட்டத்து முதல் காயும் ஓட்டமாவடிக்குப் போகோணும். ஆரும் மறந்தீங்களோ, கால முறிப்பன்!"