மாதா திருநாளில் விரியாத கொடி

ஆகஸ்ட் பதினஞ்சு எங்களுக்கு ரெட்டைத் திருநாள். மாதா மோட்சத்துக்குப் போன நாளும் அதுதான், சுதந்திர தினமும் அதுதான். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கொடி ஏற்றுவோம். கயிற்றை இழுப்பது சாமியார். கொடிக்குள் பூ வைத்து மடித்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்டுவது நான். வேறு ஆளைத் தொட விடமாட்டேன்.

மதமாற்றத் தடைச் சட்டம் வந்த சமயம். "சிலுவை கும்பிடுறவுகளுக்கு மனசெல்லாம் வெளிநாட்டுல" என்று தேசபக்தி பேசுகிற கட்சிக்காரர்கள் சொல்லித் திரிந்தார்கள். கொடியேற்றத்தைப் பார்க்க வருகிறோம் என்றும் சொல்லியனுப்பினார்கள். சாமியார் யோசித்தார். இந்த வருசம் என் ஓரகத்தி ஏற்றட்டும் என்றுவிட்டார். என் கொழுந்தன் பெண்டாட்டிதான். அவள் மகன் பட்டாளத்தில் இருந்தான்.

என் மகன் தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தோடு மல்லுக்கட்டினானே, அவன் உசுரு உசுரில்லையா? நாங்கள் அம்புட்டுப் பேரும் இந்த நாட்டு ஆள் என்பதற்கு அவள் பிள்ளைதான் சாட்சியா?

அதுக்கு மேலே அவள், "நான் ஏத்துற கொடிய நானே கட்டிக்கிடுதேன்க்கா, நீங்க உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

கொடி மேலே போனது. இழுத்தாள், விரியவில்லை. இன்னும் இழுத்தாள். வெடிக் கம்பெனியில் வருசக்கணக்காகச் சரவெடி பின்னிய கை அவளுக்கு. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சுதான் அதற்குப் பழக்கம்.

கட்சிக்காரர் ஒருத்தர் சிரித்தார். "என்ன சாமி, உங்க ஆளுக கைக்கு நம்ம கொடி விரிய மாட்டேங்கு?"

அவள் முகம் செத்துப்போனது. எனக்குக் கொஞ்ச நேரம் இனிக்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அவளோடு நிற்கவில்லை, உள்ளே இருக்கிற மாதா வரைக்கும் போனது. எழுந்து போனேன்.

"ஏளா, கொடிய இறக்கு."

"எல்லாரும் பாக்காக அக்கா."

"பாக்கத்தான வந்திருக்காக."

நகத்தால் நெம்பி முடிச்சை அவிழ்த்தேன். பூவைத் திரும்ப வைத்துக் கட்டினேன். சிரித்தவர் பக்கம் திரும்பி, "கட்டுற கை மாறிப்போச்சு அண்ணாச்சி. வருசா வருசம் நான்தான் கட்டுவேன். நீங்க இன்னைக்குத்தான வாறீக, உங்களுக்கு எங்கன தெரியும்?" என்றேன்.

கொடியை நானே மேலே ஏற்றினேன். கயிறு என் கையில் இருந்தது. ஒரு இழுப்புதான் பாக்கி. சாமியார் கண்ணால் அவளைக் காட்டினார். கொடுத்தேன். நான் வைத்த பூவெல்லாம் அவள் தலையில் கொட்டியது.

பூ கொட்டுகிறபோது எடுத்த போட்டோ இப்போதும் அவள் வீட்டில் தொங்குகிறது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். நான் அங்கே இருக்கும்போது யார் வந்தாலும், அந்த முழங்கை என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.