பியட்றிஸ் டீச்சரும் பூசை அப்பமும்

தெல்தோட்டை பியட்றிஸ் டீச்சருக்கு இரண்டு பெருமைகள். எட்டு வயதில் புதுநன்மை என்று முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து ஒரு ஞாயிறும் பூசையில் நற்கருணை தவறியதில்லை. மற்றது, புருஷன் லோரன்ஸின் குடியை நிறுத்தியது. தினமும் பின்னேரம் வீட்டு வாசலில் வைத்து, "வாய ஊதுங்க" என்பார். ஊதினால்தான் மனிதர் உள்ளே போகலாம். பதினொரு வருடமாக வாடை இல்லை. சோதனை மட்டும் நிற்கவில்லை.

ஊரையே அடக்கிய டீச்சருக்கு அவர் உடம்பு மட்டும் அடங்கவில்லை. இரத்தம் குறைவென்று வருடக்கணக்காக இரும்புச்சத்துக் குளிசை விழுங்கினார். வயிறு உப்பும், வயிற்றாலே போகும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, குழாய் விட்டுக் குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியக் நோய் என்றார்கள். கோதுமை அவர் குடலைப் புண்ணாக்குகிறதாம், ஆயுளுக்கும் தொடக்கூடாதாம். கோதுமைப் பாணிலும் ரொட்டியிலும் வளர்ந்த மனுஷி, பாவம், அழுதார்.

லோரன்ஸ் கோதுமை படாத புதுத் தோசைக்கல் வாங்கி அரிசி மா ரொட்டி சுடப் பழகினார். முதல் ரொட்டியை நாய் மோந்துவிட்டுப் போய்விட்டது. டீச்சர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஒரு வருடம் போயும் இரத்தச் சோதனை சரிவரவில்லை.

"எதையோ சாப்பிடுறீங்க டீச்சர். பிஸ்கட்? சோயா மீட்?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டார் டொக்டர் ஹபீலா.

"சத்தியமா ஒண்ணுமில்ல டொக்டர்."

லோரன்ஸ் தலையைச் சொறிந்தார். "பூசையில அப்பம் வாங்குறா. அதுவும் கோதுமதானே?"

டீச்சர் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "அது சாப்பாடு இல்லைங்க. அது ஆண்டவரு."

டொக்டர் சிரிக்கவில்லை. "உங்க குடலுக்கு அது தெரியாதே டீச்சர்."

அடுத்த இரண்டு ஞாயிறும் எல்லோரும் அப்பம் வாங்க வரிசையில் போக, டீச்சர் பெஞ்சிலேயே இருந்து முக்காட்டுக்குள் அழுதார். லோரன்ஸுக்கு மனசு கேட்கவில்லை. பூசை முடிந்ததும் நேரே பாதரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுக்கா அழுவுறாங்க? திராட்சை இரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான். அப்பம் படாத கிண்ணம் ஒண்ணு அவங்களுக்குத் தனியா வைக்கிறேன்" என்றார் பாதர்.

மூன்றாம் ஞாயிறு, குடிக்காதே குடிக்காதே என்று ஊர் காதைத் துளைத்த டீச்சர், அந்த ஊரே பார்க்க வைன் கிண்ணத்தை வாயில் வைத்தார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது லோரன்ஸ் முன்னால் ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார்.

"வாய ஊது பாப்போம்."

டீச்சர் ஊதினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் வாடை.

"ம், உள்ள வா" என்றார் லோரன்ஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு.